ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பகலெல்லாம் ஏலத்தோட்டத்தில் ஹோஸ் பிடித்து நனைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒரு தொட்டி காத்திருக்கும். என் மனைவி வளர்த்த ஸ்நேக் பிளான்ட்; வாள் மாதிரி தடித்த இலை நிமிர்ந்து நிற்கும் அழகுச் செடி. சாந்தன்பாறைப் பக்கம் ஒரு விடுதியில் அவள் துப்புரவு வேலை பார்த்தபோது, வேண்டாமென்று வெளியே வைத்திருந்ததைத் தூக்கி வந்தாள். போன தை மாதம் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு வீட்டில் உயிரோடு இருந்தது நானும் அந்தச் செடியும்தான்.

அதையும் சாகவிடக் கூடாது என்று எனக்கு ஒரே பிடிவாதம். எனக்குத் தெரிந்த செடி ஏலம். ஏலத்துக்கு நிழல் வேண்டும், ஈரம் காயக் கூடாது. ஆகவே தொட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து அறை மூலைக்கு மாற்றினேன். உடம்பு எவ்வளவு அசந்திருந்தாலும் தினமும் ஒரு சொம்பு தண்ணீர். தூரில் சருகு போட்டு மூடியும் வைத்தேன். இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று இரண்டு சொம்பாக்கினேன். அப்புறம் அடி கொழகொழத்துப் போனது. ஏலத்துக்கு மழைக்காலத்தில் வருகிற அழுகல்தான் இது என்று நானே முடிவுகட்டி, துருசு மருந்து கலக்கித் தெளித்தேன். முப்பது வருஷ அனுபவம் அல்லவா!

குழம்பு கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைச் சுளித்தாள்.

"என்னண்ணே, இதுக்குப் போயி தினமுமா தண்ணி ஊத்துறீக? மதினி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து ஒரு தம்ளர் ஊத்துவாக. அம்புட்டுத்தான்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை. ஞாயிறுதோறும் மாதா கோவில் பூசைக்கு மனைவியோடு போய்த் திரும்பியவன்தான் நானும். வந்ததும் கட்டிலில் விழுந்துவிடுவேன். அவள் அந்தத் தம்ளரை எடுத்ததை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் அழுகல். ஒரே ஒரு இலை மட்டும் மேல்பாதி கெட்டியாக இருந்தது. அதை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் ஜன்னலில் வைத்து, புது மண்ணில் ஊன்றினேன்.

மனைவி போன பிறகு நான் கோவில் பக்கமே போகவில்லை. போன ஞாயிறு போனேன். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. பூசை முடிந்ததும் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு வந்து, அந்த இலைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினேன்.

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். இனி ஆறு நாளைக்கு அதற்காக நான் செய்ய ஒன்றுமில்லை.