ஒரு குழாய், பத்து வீடு, ஐந்தைந்து நிமிடம்

கல்லூரித் தோழி ஸ்டெல்லாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்காகப் போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் எட்டு மாத மகள் இசையோடு தங்கவயலுக்குக் கிளம்பினேன். எழுத இப்போதுதான் கை ஒழிந்தது. பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயில், டிக்கெட் முப்பது ரூபாய். இரண்டரை மணி நேரத்தில் கோரமண்டல் ஸ்டேஷன். அங்கிருந்து ஸ்டெல்லாவின் வரிசை வீட்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

மாலையே இசைக்கு வயிற்றுப்போக்கு. விடிந்தபோது டயப்பர் காய்ந்து கிடந்தது; இரவு முழுக்க மூத்திரமே போகவில்லை. உப்புச் சர்க்கரைப் பொடி இருந்தது, கலக்க வீட்டில் தண்ணீர் மிச்சமில்லை. கடைகள் திறக்கவில்லை. விஷயம் தெரியாத ஸ்டெல்லா சர்ச்சை அலங்கரிக்கப் போயிருந்தாள். "டேப்பு ஆறு மணிக்கு வரும், ஆளுக்கு அஞ்சு நிமிஷம், நாம ஆறாவது" என்று முன்தினமே சொல்லியிருந்தாள். இசையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்துச் சரியாக 6.25க்குப் பொதுக்குழாயடியில் குடத்தை வைத்தேன்.

"இன்னாம்மா, இது நாலாவது வூட்டு டைமு!" என்றார் முதல் வீட்டு பிலோமினாக்கா.

"அது பூட்டியிருக்குதுங்களே?"

"பூட்டினா? அது விடியக்காலை ரயிலுக்குப் போச்சு. சாயங்காலம் வந்து குளிக்க வேணாமா?" பூட்டிய வீட்டின் குடங்களை நிரப்புவதும் அவர்தான்.

அன்று தண்ணீர் 6.10க்குத்தான் வந்திருக்கிறது. வந்ததும் அக்கா காலிக்குடத்தை மூன்று முறை தட்டுவார். முறை அங்கிருந்துதான் கணக்கு. எனக்கும் கேட்டது. யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள் என்றிருந்துவிட்டேன். இத்தனைக்கும் தொலைத்தொடர்பில் என் வேலையே இதுதான்: ஒரே கம்பியில் பலருடைய தரவு, ஆளுக்கொரு நேரத்துண்டு. சுற்று எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறியைத் தவறவிட்டால், கடிகாரம் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் ஒருவருடையது இன்னொருவரிடம் போய்ச் சேரும்.

"பாப்பாவுக்கு வயிறு சரியில்லைக்கா..."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? படிச்ச பொண்ணு, போனைப் பாத்துக்கினு நிக்குது!" எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் அக்கா வீட்டிலிருந்து ஆறிய வெந்நீர் வந்துவிட்டது. பொடியைக் கரைத்து இசைக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். துணி அலச, வரிசையை மாற்றாமலே, பிடித்து முடித்தவர்கள் ஆளுக்கு மூன்று செம்பு என் குடத்தில் ஊற்றினார்கள். 6.35க்கு என் முறை. என் குடம் நிரம்பியிருந்தது. என்னால் அரைகுறையாக நின்ற நாலாம் வீட்டுக் குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.

குழந்தையோடு போகிறவர்கள் காய்ச்சிய தண்ணீர் இரண்டு லிட்டராவது கொண்டுபோங்கள். குழாய் நேரத்தைப் போனில் பார்க்காதீர்கள். தேவையை வாய்விட்டுக் கேளுங்கள்.

பத்து மணிக்கு, ஞானஸ்நானத்தின் நடுவே, மடியிலிருந்த இசை என் பட்டுப்புடவையை நனைத்தாள். நான் அசையவில்லை. அந்தச் சூட்டைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.