அடித்தவன் பெயரைச் சொன்னவர்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் சொந்தங்களுக்கு நல்லதை மட்டும் எழுதித் தரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்படி எழுதியிருந்தால் அவரே கிழித்துப் போட்டிருப்பார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மலேசியாவின் பத்து காஜா ஊருக்கு அருகில், ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா காலமானபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு. படிப்பை விட்டுவிட்டு பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போனார். பதினாறு வயதில் கருவுற்றார். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன லாரிக்காரன் அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கமே வரவில்லை. தமக்கு நேர்ந்தது என்னவென்றே நான்கு மாதம் வரை அக்காவுக்குத் தெரியாது. வயிற்றில் ஏதோ கட்டி என்று நினைத்திருந்தார். தெரிந்த அன்று அப்பா பெல்ட்டால் அடித்தார். பெல்ட் அறுந்ததும் உதைத்தார். நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்தே பிறந்தது.

அப்பா இறந்த பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில், ஆயாக்கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொட்டகை காலியாக இருக்கும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை அங்கே கூப்பிட்டு உட்கார வைத்தார். மாதவிலக்கு ஏன் வருகிறது, கரு எப்படி உண்டாகிறது, ஆசை காட்டிக் கூப்பிடுகிறவனிடம் எப்படி மறுப்பது, தவறிப்போனால் மறைக்காமல் யாரிடம் போவது என்று எல்லாவற்றையும் சொன்னார். "எவன் ஒன் மேல கைவச்சாலும் பேரைச் சொல்லு. சொந்தக்காரனா இருந்தாலும் சொல்லு" என்பார்.

ஒரு பெண் சொன்னாள். அவள் சொன்னது எங்கள் மண்டோரின் பெயரை. மரம் வெட்டும் எங்கள் எல்லாருக்கும் அவன்தான் மேலாள். அக்கா பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று அவன் லயம் லயமாகப் போய்ச் சொன்னான். அடுத்த ஞாயிறு ஆறு ஆண்கள் கொட்டகைக்குள் புகுந்தோம். ஆம், நானும் போனேன். கள் குடித்திருந்தேன். அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

"வெக்கமா இல்ல ஒனக்கு? ஊரே சிரிக்குதுலா!" என்று கத்தினேன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரலடா. தந்திருந்தா அன்னிக்கு அப்படி நடந்திருக்காது. தள்ளு, புள்ளைங்க பயப்படுது."

பால் வாளி சுமக்கும் காண்டாக் கம்பால் அடித்தேன். தலைக்குத்தான் ஓங்கினேன், அவர் கையால் தடுத்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மற்றவர்கள் அவரை முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்தார்கள். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது நான் பக்கத்திலேயே நின்றேன். காட்டிக்கொடுக்க மாட்டார் என்று நம்பினேன்.

"என் தம்பிதான் அடிச்சான். எழுதிக்குங்க" என்றார் அக்கா.

லாக்கப்பில் கிடந்துவிட்டு வெளியே வந்தேன். கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்றிருந்தார்.

"பேரைச் சொல்லுன்னு அதுங்களுக்குச் சொல்லிட்டு ஒன் பேரை மட்டும் எப்படிடா மறைப்பேன்? வா, சாப்பிடலாம்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வாரமே அந்தப் பெண் தன் தாயோடு போலீசில் புகார் கொடுத்தாள். மண்டோருக்கு வேலை போனது. ஞாயிறுகளில் பிள்ளைகள் மீண்டும் வந்தார்கள், சிலர் தாய்மாரோடு.

தோட்டம் விற்கப்பட்டதும் ஈப்போவுக்கு வந்தோம். அக்கா மணம் செய்துகொள்ளவில்லை. என் மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது அவளை அக்காவிடம் அனுப்பினேன். "நீயும் உக்காரு. அப்பனுக்கும் தெரியணும்" என்று என்னையும் உட்கார வைத்தார். தலை குனிந்தபடி கேட்டேன்.

புற்றுநோய் முற்றி அக்கா பேச்சிழந்து கிடந்த கடைசி வாரத்தில், மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவன் தன்னோடு தனியாக வரும்படி நச்சரிக்கிறான் என்று பெயரோடு சொன்னாள். எனக்குள் அப்பாவின் கோபம் அப்படியே எழுந்தது. கை உயர்ந்துவிட்டது. அவள் பின்வாங்கவில்லை.

"அத்தை அப்பவே சொன்னாங்கப்பா, ஒங்ககிட்டச் சொல்லலாம், நீங்க அடிக்க மாட்டீங்கன்னு."

கையை இறக்கினேன். இருவரும் நேரே போலீசுக்குப் போனோம்.

அக்காவின் எலும்பைச் சேர்த்துக் கட்டிய தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசருக்கும், நோயில் அவரைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், லூமுட்டிலிருந்தும் தஞ்சோங் மாலிமிலிருந்தும் பிள்ளைகளோடு வந்து அழுத அன்றைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியை அவர் காதில் விழும்போது சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.