லித்தியம் நகர்வதைப் பார்த்த ஸ்டெல்லா அக்கா

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஸ்டெல்லா அக்கா காலமானார் என்று போன் வந்தபோது நான் மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. அப்படியே ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா பார்த்திருந்தால், “பாய், பாதிதான் சார்ஜ் ஏறியிருக்கு” என்றிருப்பார்.

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சிம்பாங் பூலாயில் எனக்குச் சாப்பாட்டுக் கடை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, காம்பார் பல்கலைக்கழகத்தில் பேட்டரி ஆராய்ச்சி செய்த அக்கா, காலையில் என் கடையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் வம்பிழுக்காமல் விடமாட்டேன்.

“என்னாக்கா, ஒரு பேட்டரிய எத்தன வருசம் பாப்பீங்க? பிரிச்சுப் பாத்தா முடிஞ்சிச்சுலா.”

“பிரிச்சா அது வேலைய நிறுத்திரும் பாய். சார்ஜ் ஏறுறப்பவே உள்ள லித்தியம் எப்படி எடம் மாறுதுன்னு பாக்கணும். அது ரொம்ப லேசு, எக்ஸ்ரேக்குச் சரியா அகப்படாது. நியூட்ரான்தான் காட்டிக் கொடுக்கும்.”

அந்த நியூட்ரான் கருவி வெளிநாட்டில் இருந்தது. விண்ணப்பித்துக் காத்திருந்தால் சில நாள் கிடைக்கும். முதல் முறை போனவர் முகம் வாடித் திரும்பினார். பேட்டரிக்குள் இருக்கும் திரவத்திலுள்ள ஹைட்ரஜன், படத்தைக் கெடுத்துவிட்டதாம்.

“ஒரே மூடுபனி பாய். நம்ம கேமரன் மலை ரோடு மாதிரி.”

“லைட்டப் போட்டுக்கிட்டு மெதுவாப் போங்கக்கா,” என்றேன்.

சிரித்தார். பிறகு, “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அங்க எனக்கு எடம் கெடைக்காது,” என்றார்.

சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையை வைத்துச் செய்த திரவத்தை ஊற்றிப் புதிய பேட்டரி கட்டினார். மாணவர்களோடு கிளம்பினார். திரும்பியதும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார். கைப்பேசியில் ஒரு படம். ஊசி ஊசியாக எழுந்து நிற்கும் கோடு.

“பாருங்க பாய், சார்ஜ் ஏற ஏற இந்த ஊசி நகருது. லித்தியம் வெளிய போகப் போக எலக்ட்ரோடோட அடுக்கு விலகுது. பாத்துட்டோம்!”

எல்லா மேசைக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ போடச் சொன்னேன். “லித்தியம் நகந்திருச்சு!” என்று கத்தினேன்.

“எங்க அண்ணே, ஜெலாப்பாங் டவுனுக்கா?” என்றார் ஒரு லாரி டிரைவர். எதற்கென்று தெரியாமலே எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா எழுந்து நின்று கும்பிட்டார்.

இன்று அவருடைய மாணவர்கள் அதே முறையில் வேறு பேட்டரிகளைப் பார்க்கிறார்கள். ஜெயித்துவிட்டுத்தான் போகிறீர்கள் அக்கா, நிம்மதியாகப் போய் வாருங்கள்.

தேவாலயத்தில் சவப்பெட்டியின் மேல் அந்தக் கோட்டுப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தோம். அதை அக்காவின் ஈ.சி.ஜி. என்று எண்ணிய ஃபாதர், கடைசிவரை இவ்வளவு பலமாகத் துடித்த இதயத்துக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். மாணவர்கள் ஆமென் என்றார்கள். நான் ஆமீன் என்றேன்.