சனிக்கிழமைக் குலவை

காலை ஒன்பதே காலுக்குச் சிங்காநல்லூரில் மதுரை பஸ் ஏறினேன். கயலிடம் சொல்லவில்லை. சொன்னால், "எதுக்குமா அலையற, நானே வர்றேன்" என்பாள், வரமாட்டாள். பல மாதமாக இதே கதைதான். மதுரைக்கு மேற்கே, தேனி ரோட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் கலை மையத்தில் நாடகம் சொல்லித்தருகிறாள், நடிக்கவும் செய்கிறாள். ஒரே மகள். இன்றைக்கு எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவது என்று கிளம்பினேன். நானும் அவள் அப்பாவும் டிவியைப் பார்த்தபடி வாய் திறக்காமல் சாப்பிட்டது போதும்.

ஒட்டன்சத்திரத்தில் டீ என்ற பேரில் பதினைந்து ரூபாய்க்கு வெந்நீர் கொடுத்தான். வாடிப்பட்டி தாண்டியதும் வயலும் தென்னையும் பாறைக்குன்றுமாக வெயில் காய்ந்தது. நான் திருமங்கலத்தில் பிறந்தவள். கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷமாகியும் இந்த வெயிலைக் கண்டால் ஜன்னலை மூட மனசு வரவில்லை, என்ன செய்ய!

மூன்று மணிக்கு ஆரப்பாளையம். சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்கு டவுன் பஸ் பிடித்தேன், பெண்களுக்குக் காசில்லை. நாடகத்துக்கா என்று கண்டக்டர் கேட்டார். சனிக்கிழமை பஸ் பூராவும் அங்கேதான் இறங்குமாம்.

வழியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பாண்டியம்மா. களையெடுத்துவிட்டு, குளித்து, பூ வைத்து வந்திருந்தார். கேட்காமலே சொன்னார்: தங்கள் ஊர்க் கதைகளைக் கேட்டு வாங்கித்தான் மையத்தில் நாடகம் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தருகிறார்கள். இந்த பஸ் போய்ச் சேராமல் நாடகம் தொடங்காது. பேராசிரியர்களே ஆனாலும் காத்திருக்க வேண்டியதுதான். "கயல் டீச்சர் விடாதுல்ல" என்றார் பெருமையாக. நான் யாரென்று சொல்லவில்லை.

நாகமலை அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட பெரிய கூடம். முன்னால் ஜமுக்காளம் ஊர்ப் பெண்களுக்கு, பின்னால் நாற்காலிகள் பல்கலைக்கழகத்தாருக்கு. பாண்டியம்மா என்னை ஜமுக்காளத்துக்கே இழுத்துக்கொண்டார்.

ஆறரைக்கு விளக்கு எரிந்தது. மூன்றாவது காட்சியில் கயல் மணப்பெண்ணாக வந்தாள். கூறைப்புடவை, நெற்றிச்சுட்டி. எத்தனை வரன் பார்த்தேன், இந்தக் கோலத்தை வீட்டில் காட்டினாளா பாவி! மாப்பிள்ளையாக நடித்த பையன் தாலியைத் தூக்கியதும், ஜமுக்காளம் மொத்தமும் குலவை போட்டது. அடுத்த வசனம் பேச வழியில்லை. மேடையில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒரு மாணவர் ஓடிவந்து, இது நாடகம்தான், அமைதியாக இருங்கள் என்று கெஞ்சினார்.

"நாடகம்னாலும் எங்க புள்ளைக்குத்தானய்யா தாலி ஏறுது? சும்மா வேடிக்கை பாக்கவா சொல்ற?" என்றார் பாண்டியம்மா.

எங்க புள்ள! எனக்குச் சுருக்கென்றது. அடுத்த குலவை என் தொண்டையிலிருந்து வந்தது. கோயம்புத்தூரில் ஒருநாளும் வாய் திறந்து போட்டதில்லை. சின்ன வயதில் அவளைத் தூங்கவைக்க மெல்லப் போட்டிருக்கிறேன், கடைசியில் இதே இழுப்போடு. மேடையில் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. இருட்டுக்குள் தேடினாள். மாலையும் கழுத்துமாக அவள் கண் நிறைந்ததைப் பார்த்தேன். நாடகத்துக்கான அழுகை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

நாடகம் முடிந்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பாண்டியம்மா வாயில் கை வைத்தார். பஸ் நிறுத்தத்தில் கேட்டேவிட்டேன்: "போதும்டி. வீட்டுக்கு வா."

பஸ்ஸுக்கு நின்ற ஊர்ப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அம்புட்டுப் பேரும் அடுத்த சனிக்கிழமை வந்து நிப்பாங்கம்மா" என்றாள். கோயம்புத்தூரில் வளர்ந்த பிள்ளை 'அம்புட்டு' என்கிறது. என் பேச்சு அது. அங்கே யாரும் சிரிக்கக் கூடாதென்று நான் விட்டுத்தொலைத்த பேச்சு. இதற்குமேல் என்ன மல்லுக்கட்ட? ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். அவள் அப்பாவுக்கு டீ போட்டுக்கொள்ளக்கூடத் தெரியாது. எங்கே இருப்பது?

எட்டரைக்கு ஆரப்பாளையம் பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். அவள் கீழே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களைத் தொட்டு, "போயிட்டு வாம்மா" என்றாள்.

எங்கள் வீட்டு வாசலில் நின்று எத்தனையோ தடவை நான் அவளுக்குச் சொன்னது. இப்போது இதுதான் தன் வீடு என்று அவள் நிற்கிறாள், நான் விருந்தாளியாகக் கிளம்புகிறேன்.