வெளிமானுக்கு விட்ட ஏழு ஏக்கர்

ஹெப்ரான் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். திருநெல்வேலி - தூத்துக்குடி ரோட்டில் எந்த இடத்தில் எந்த நாய் படுத்துக் கிடக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும். ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது ஒரு காலையில், வல்லநாட்டைத் தாண்டியதும் ரோட்டின் நடுவில் ஒரு வெளிமான் வந்து நின்றது. முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. ஹெப்ரான் பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் முன்னால் வந்து சேர்ந்தார்கள். ஒரு பெட்டி தக்காளி சீட்டுக்கு அடியில் உருண்டது.

“ஏலே, கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?” என்று யாரோ ஆரம்பித்தார். அதற்குள் மான் ஒரே தாவலில் எழும்பி, பஸ்ஸின் கண்ணாடி உயரத்துக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கி ஓடியது. திட்ட வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். கண்டக்டர் விசில் ஊத மறந்து போனார்.

மான் ஓடிய திசையில்தான் ஹெப்ரானின் அம்மா வழி வந்த புஞ்சை கிடந்தது. மலையடிவாரத்தில் ஏழு ஏக்கர். இருபது வருஷமாக யாரும் உழவில்லை. சீமை உடை என்கிற சீமைக் கருவேலம் அடர்ந்து, உள்ளே ஒரு மனிதன் குனிந்தும் போக முடியாது. அன்றைக்கு டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போதே, அதை மானுக்கு விட்டுவிடுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார்.

பாளையங்கோட்டை வீட்டில் அதைக் கேட்ட மனைவி கிரேஸி, கையிலிருந்த முருங்கைக்கீரையை முறத்தில் போட்டாள். அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் நேராகக் கேட்டுத்தான் பழக்கம்.

“ஏங்க, ரிட்டயர் ஆனவுங்க எலுமிச்ச வைப்பாங்க, நெல்லி வைப்பாங்க. நீங்க மான் வைக்கப் போறீயளாக்கும்?”

“மான நான் எங்க வைக்க? எடத்த ஒழுங்கா வெச்சா அது தானா வரும்.”

“வரலைன்னா?”

“கவுதாரியாவது வரும்.”

“அதுவும் வரலைன்னா எலுமிச்ச,” என்றாள் கிரேஸி. “மூணு வருஷம் பாப்பேன். அதுக்கு மேல பாக்க மாட்டேன்.”

ஓய்வு பெற்ற மறுவாரமே ஜேசிபி வந்தது. உடை மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். வெள்வேல் மரங்களையும் இலந்தைப் புதர்களையும் தொடக்கூடாது என்று ஹெப்ரான் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னாலேயே நடந்தார். ஓட்டியவருக்கு எரிச்சல். “இவரு வழி காட்டுதாரா, வழிய மறிக்காரா?” என்று கேட்டார். தானும் ஒரு டிரைவர்தான் என்று ஹெப்ரான் சொன்ன பிறகு கொஞ்சம் சமாதானமானார்.

வனத்துறையில் காவலராக இருந்த விஜயஸ்ரீ ஒரு நாள் பைக்கில் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். “முள்கம்பி வேலிய எடுத்துருங்க சார், குட்டி மாட்டிக்கிடும். தீனின்னு கையால எதுவும் வைக்காதீங்க. பழகிருச்சுன்னா ஊருக்குள்ள வரும், நாய் கடிச்சிரும்,” என்றாள். ஹெப்ரான் தலையாட்டினார். முள்கம்பியை எடுத்தார். ஒரு மூலையில் சின்னக் குட்டை வெட்டி, கவுதாரிக் குஞ்சு இறங்கி ஏறும்படி கரையைச் சாய்வாகச் செதுக்கினார். இடையிடையே நாலு பாத்தி கம்பும் காணம் என்கிற கொள்ளும் விதைத்து, அறுக்காமல் விட்டார். மற்ற இடமெல்லாம் கொழுக்கட்டைப் புல் விதை தூவினார். ஐப்பசி மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்தது.

புல் இடுப்பளவு வந்தது. காற்றடித்தால் அலையடித்தது. ஹெப்ரானுக்குப் பெருமை தாங்கவில்லை. விடிந்ததும் ஸ்கூட்டரில் வந்து, வெள்வேல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். மான்கள் மலையடியில் வந்து நிற்கும். இந்தப் பக்கம் பார்க்கும். திரும்பிப் போய்விடும். தை போனது, மாசி போனது. அடுத்த வருஷமும் இதே கதை.

சபையில் இது பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “என்னவே, மான் வந்துச்சா?” என்று கேட்காத ஆள் இல்லை. சபைப் போதகரான ஐயரவாள்கூட ஜெபம் முடித்துக் கைகொடுக்கும்போது லேசாகச் சிரித்தார்.

வந்தது ஆடுதான். பக்கத்து ஊர் சுடலைவடிவுக்கு நாற்பது ஆடு இருந்தது. அவற்றில் ஏழெட்டு எப்படியும் ஹெப்ரானின் புல்லுக்குள் புகுந்துவிடும். ஒரு நாள் அவர் துண்டை வீசி விரட்டிக்கொண்டிருந்தபோது, அவள் வரப்பில் நின்று சொன்னாள்:

“அண்ணாச்சி, இம்புட்டு ஒசரத்துக்குப் புல்ல வளத்துட்டு மான் வரலையேன்னு உக்காந்திருக்கியளே. அதுக்குச் சுத்திலும் பார்வை வேண்டாமா? நாய் பதுங்கி வந்தா எப்படித் தெரியும்? வெட்டவெளிலதான் அது நிக்கும்.”

“ஒன் ஆட்ட மேய விட நீ ஒரு வழி பாக்க,” என்றார் ஹெப்ரான்.

“அதுவும்தான்,” என்றாள் சுடலைவடிவு, கொஞ்சமும் கூச்சப்படாமல். “அதுக்காகச் சொன்னது பொய்யாயிருமா?”

அவர் கோபத்தோடு வீட்டுக்குக் கிளம்பினார். ஆனால் ஸ்கூட்டர் ஒரு வளைவுக்கு வந்தபோது, ரோட்டோரம் மண்டிக் கிடந்த புதர் எதிரே வரும் லாரியை மறைத்தது. சட்டென்று வேகத்தைக் குறைத்தார். வளைவில் புதரை வெட்டுங்கள் என்று எத்தனை தடவை டிப்போவில் எழுதிக் கொடுத்திருப்பார்! எதிரே என்ன வருகிறதென்று தெரியாத இடத்துக்குள் எந்த டிரைவர் வேகமாக நுழைவான்? வண்டியை ஓரம் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு திருப்பினார்.

சுடலைவடிவு புஞ்சையை ஒட்டிய ஓடையோரத்தில் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“நீ சொன்னதுதான் சரி. கெழக்குப் பாதிய ஒன் ஆடு மேயட்டும். மேக்குப் பாதில கவுதாரி ஒளிய புல்லு நிக்கணும்.”

“பங்குனி, சித்திரையில அது முட்டை வைக்கும். அங்கன என் ஆட்ட நானே விட மாட்டேன்,” என்றாள் அவள். “ஆனா கெழக்க பாதி போதாது. ஓடைக்கரையும் சேத்துத் தாங்க.”

ஓடைக்கரையும் அவள் ஆட்டுக்குப் போனது. விஜயஸ்ரீ கேள்விப்பட்டு, ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டிருந்தால்தான் ஆயிற்று, நோய் மானுக்குத் தொற்றிவிடும் என்றாள். முகாம் நடந்த அன்று நாற்பது ஆட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்ததில் ஹெப்ரானின் வேட்டி இரண்டு இடத்தில் கிழிந்தது. ஒரு கிடா அவரை முட்டி வேறு தள்ளியது. சுடலைவடிவு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் வருஷம். மழை ஓய்ந்ததும் ஆடுகள் இறங்கி, கிழக்குப் பாதியைக் கணுக்கால் உயரத்துக்கு மேய்ந்து வைத்தன. மேற்கே புல் நிமிர்ந்து நின்றது. பிறகு ஆடுகளை ஓடைக்கரைக்கு மாற்றினார்கள். மேய்ந்த இடத்தில் இளம்புல் துளிர்த்தது.

சபையில் அசனப் பண்டிகை, எல்லாருக்கும் பொதுப் பந்தி. ஹெப்ரான் பந்தியில் உட்கார்ந்து, சோற்றில் கறிக்குழம்பு விழுந்த நேரம் போன் அடித்தது.

“அண்ணாச்சி, நிக்கி,” என்றாள் சுடலைவடிவு மெதுவாக.

“எது நிக்கி?”

“ஒம்போது நிக்கி. பைய வாங்க. வண்டிச் சத்தம் வேண்டாம்.”

அவர் இலையை விட்டு எழுந்தார். பெண்கள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த கிரேஸி அதைப் பார்த்துவிட்டு, குழம்பு வாளியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். கை கழுவக்கூட நேரமில்லாமல் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் பறந்தார்கள். ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போது, “நீங்க பஸ் ஓட்டுததா நெனைச்சு ஓட்டாதீங்க,” என்று கிரேஸி அவர் தோளைத் தட்டினாள்.

ஓடைப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே போனார்கள். சுடலைவடிவு ஒரு இலந்தைக்குப் பின்னால் குத்தவைத்திருந்தாள். கிழக்குப் பாதியின் நடுவில் ஏழு பெட்டைமான், இரண்டு கிடா. ஒரு பெட்டை தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தது. எல்லாப் பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. மறுபடி குனிந்து மேய்ந்தது.

ஹெப்ரான் மெதுவாக அந்த இலந்தைக்குப் பின்னாலேயே குத்தவைத்தார். அந்த நேரம் பார்த்து மேற்குப் புல்லிலிருந்து ஒரு கவுதாரி, ஊரையே எழுப்புகிற மாதிரி கத்தத் தொடங்கியது. அதற்கு ஓடைப்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது.

“எத்தன கவுதாரி?” என்று கிரேஸி காதோடு கேட்டாள்.

“ரெண்டு சத்தம் கேக்கு.”

“மூணு,” என்றாள் கிரேஸி. “அந்த வெள்வேல் கிட்ட ஒண்ணு இருக்கு, பாருங்க.”

இப்போது வாரத்தில் நாலு நாள் அவளும் கூடவே வருகிறாள். சித்திரையில் மேற்குப் புல்லில் இரண்டு கவுதாரி குஞ்சு பொரித்திருந்தன. எந்தக் குஞ்சு எந்தத் தாயுடையது என்பதில் அவளுக்கும் சுடலைவடிவுக்கும் இன்னும் தீராத வாக்குவாதம். ஹெப்ரான் அதில் தலையிடுவதில்லை; குட்டைக்குத் தண்ணீர் நிரப்பப் போய்விடுவார்.