பெயர் சொல்லி ஜெபித்த அன்னம்மா

கோலசிலாங்கூர் பக்கம் அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் கம்பிப்பாலத் தோட்டம் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. எண்பதுகளில் அந்தத் தோட்டத்துக் கட்சிக்காரர்கள் துரைக்குப் பயந்தார்களோ இல்லையோ, பால்மரம் வெட்டும் அன்னம்மாவுக்குப் பயந்தார்கள். அவள் யாரையும் திட்டியதில்லை. யார்மீதும் மனு எழுதிப் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் முக்காடு போட்டுக்கொண்டு எழுந்து நின்று அவர்களுக்காக ஜெபிப்பாள், அவ்வளவுதான்.

நான் அந்தச் சபையில் ஆர்மோனியம் வாசித்தவன். என் நாற்காலி சனங்களைப் பார்த்துப் போட்டிருக்கும். ஜெப நேரத்தில் அத்தனை பேரும் கண்ணை மூடியிருக்க, அடுத்த பாட்டை எப்போது எடுப்பது என்று பார்ப்பதற்காக நான் மட்டும் திறந்தே வைத்திருப்பேன். ஆகையால் நான் சொல்வது கேள்விப்பட்ட கதை இல்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் சபையாரில் ஒருவர் எழுந்து நாட்டை ஆள்கிறவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். மாமன்னரை ஆசீர்வதியும், பிரதமரை ஆசீர்வதியும், மந்திரிமாருக்கு ஞானத்தைக் கொடும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கேட்கிற ஆண்டவருக்கே கொட்டாவி வந்திருக்கும். அந்தச் சமயத்தில் அரசாங்கம் இனிமேல் சுத்தமாக, திறமையாக, நம்பிக்கைக்கு உரியதாக இருக்கப்போகிறது என்று வானொலியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசாங்க ஆபீஸ்களில் எல்லாரும் சட்டையில் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் இதை அப்படியே நம்பிய ஒரே ஜீவன் அன்னம்மா. அரசாங்கம் இவ்வளவு பெரிய வேலையில் இறங்கியிருக்கும்போது சபை இப்படிப் பொத்தாம்பொதுவாக ஜெபித்தால் எப்படி என்று அவளுக்குக் கவலை வந்துவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வேறு அவளை ஒருநாள் விரட்டியிருந்தார். "ஒடம்பு சரியில்லன்னு மொட்டையா சொன்னா என்னா மருந்த குடுக்கிறது? எங்க வலிக்குதுன்னு சொல்லு லா!" மற்றவர்கள் அந்தத் திட்டை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். அன்னம்மா அதை மருந்தோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவள் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் ஆரம்பித்தாள். "ஆண்டவரே, மந்திரிமாரு என்னா தப்பு செய்யிறாங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்க இருக்கிறது கோலாலம்பூரு. தெரிஞ்ச மூலையில இருந்துதானே பெருக்கிக்கிட்டு வர முடியும்? அதனால எங்க கட்சிக் கிளைத் தலைவரு நாராயணசாமி அண்ணனுக்காக வேண்டிக்கிறேன். கட்சி குடுத்த மைக் செட்ட அவரு தஞ்சோங் காராங் பக்கம் கல்யாண வாடகைக்கு விடுறாரு. அந்த மனச மாத்தும் தகப்பனே."

சபையை நடத்தும் உபதேசியார் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் ஆர்மோனியத்தைப் பார்த்தேன்.

மறுநாளே மைக் செட்டு பொதுமண்டபத்துக்குத் திரும்பி வந்தது. நாராயணசாமியின் எதிரணிக்காரர் கார்த்திகேசு ஆனந்தத்தில் ஒரு கட்டு ரம்புத்தான் பழத்தோடு அன்னம்மா வீட்டுக்குப் போனார். கிளைத் துணைத்தலைவர் அவர். பழத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தன் அடுத்த முறையில் அன்னம்மா அவருக்காக ஜெபித்தாள். "பிள்ளைங்க பந்து விளையாடுற திடல்ல அண்ணன் ஆடு கட்டுறாரு ஆண்டவரே. கோல் கம்பத்துலயே கட்டுறாரு." அன்று மாலையே ஆடுகள் திடலைக் காலி செய்தன.

பிறகு கூட்டம் சேர ஆரம்பித்தது. எங்கள் சபையில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள்தான். அன்னம்மா ஜெபிக்கிறாள் என்றால் சன்னலுக்கு வெளியே மாரியம்மன் கோயில் நிர்வாகமே நிற்கும். சிலர் நாற்காலி கொண்டுவந்தார்கள். பாட்டுக்கு நிற்காமல் ஜெபம் முடிந்ததும் கலைந்துபோவார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். தோட்டத்தில் யாருக்கும் யார்மீதும் கோபம் வந்தால், "இரு, அன்னம்மாகிட்ட சொல்லி உனக்காக வேண்டிக்கச் சொல்றேன்" என்பதே மிரட்டலாகிவிட்டது. நாராயணசாமி உபதேசியாரிடம் நேரில் வந்து, "நாங்க இந்துக்கள் லா. எங்களுக்கு உங்க ஜெபம் வேணாம், நிறுத்தச் சொல்லுங்க" என்றார். ஜெபத்தைத் திருப்பி வாங்குவதற்குச் சபையில் ஏற்பாடு எதுவும் இல்லை என்று உபதேசியார் பணிவாகச் சொன்னார். நாராயணசாமி நேரே போய் அம்மனுக்கு ஓர் எதிர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

அதுவும் பலிக்காமல், வருடக்கணக்காய் முகம் பார்க்காத நாராயணசாமியும் கார்த்திகேசுவும் அசாம் ஜாவாவில் ஷேக் தாவூது தேநீர்க் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நாட்டு ஒற்றுமை என்று பேசுகிறார்களே, அதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். இரண்டாவது கோப்பைத் தே வரும்போது கார்த்திகேசுவுக்கு அந்த யோசனை உதித்தது. அன்னம்மா ஆள்கிறவர்களுக்காக மட்டும்தான் ஜெபிக்கிறாள். பெயர் சொல்லித்தான் ஜெபிக்கிறாள். அப்படியானால் அவள் வாயில் வராத பெயருள்ள ஒருவனைத் தலைவனாக்கிவிட்டால்?

அவள் வாயில் வராத பெயர் உலகத்தில் ஒன்றுதான். அவள் புருஷன் பெயர்.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அன்னம்மா அதில் ஒரு படி மேலே. அவள் வீட்டுக்காரர் பெயர் சாலமோன். சபையில் வாசிப்பு அவள் பங்காக வந்து, அதில் அந்த ராஜாவின் பெயரும் வந்தால், "தாவீது ராஜா மகன்" என்று வாசித்துவிட்டுத் தாண்டிப்போவாள். அந்தச் சாலமோனோ பால் ஸ்டோரில் வாளி கழுவுகிறவர். ராஜாவின் பெயரைத் தாங்கிக்கொண்டு வீட்டுக் கோழியைக்கூட அதட்டத் தெரியாத மனிதர். வேலை வாங்கும் மண்டோர் அவரை "ஏய் ஸ்டோரு" என்பார். மற்ற எல்லாருக்கும் அவர் அன்னம்மா வீட்டுக்காரர். அவர் பெயர் என்ன என்று கேட்டால் தோட்டத்தில் பாதிப் பேர் யோசித்துத்தான் சொல்வார்கள்.

கிளைத் தேர்தலில் நாராயணசாமி முன்மொழிந்தார், கார்த்திகேசு வழிமொழிந்தார், சாலமோன் போட்டியின்றித் தலைவரானார். மாலை போட்டபோது தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார், பாவம். அந்த வாரமே கோலசிலாங்கூர் பட்டணத்துக்குப் பஸ் ஏறி, கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் "எஸ். சாலமோன், கிளைத் தலைவர்" என்று பொறித்து வாங்கி வந்தார். வாளி கழுவும்போதும் அது சட்டையில் இருக்கும். மண்டோர்கூட அதைப் படித்துவிட்டு, "என்னா சாலமோன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு அன்னம்மா எழுந்தாள். "ஆண்டவரே, இப்ப எங்க கிளைத் தலைவரா இருக்கிற..." என்றவள் அப்படியே நின்றாள். தொண்டையைச் செருமினாள். "அவர ஆசீர்வதியும்" என்று உட்கார்ந்துவிட்டாள். சன்னலுக்கு வெளியே கார்த்திகேசு நாராயணசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்கள் இருவரும் இப்போது ஆள்கிறவர்கள் இல்லை. ஆகவே ஜெபத்திலும் இல்லை. மைக் செட்டு மறுபடியும் கல்யாணம் பார்க்கப் போனது. ஆடுகள் கோல் கம்பத்துக்கு வந்துசேர்ந்தன. கம்பிப்பாலத் தோட்டத்தின் சுத்தமான ஆட்சி அத்தோடு சரி.

மழைக்காலம் தொடங்கியது. பழைய லயத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளை, இடிக்கப்போகிறோம் என்று நிர்வாகம் வருடங்களாகச் சொல்லி, அந்தச் சாக்கில் கூரையைத் தொடாமலே விட்டிருந்தது. அங்கே நாகமணி என்று ஒருத்தி, புருஷனை இழந்தவள், இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். மழை பெய்தால் பிள்ளைகளை மேசைக்கு அடியில் படுக்கவைப்பாள். அவள் வீட்டுக் கூரைக்கென்று கட்சி மேலிடம் தகரம் அனுப்பியது. லோரிக்காரன் தலைவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். சனிக்கிழமை சாலமோன் அந்தத் தகரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்ச் சபைக் கூரையில் அடித்துவிட்டார்.

மறுநாள் நாங்கள் வாயைப் பிளந்தோம். பெண்கள் உட்காரும் பக்கம் பல வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு சொட்டு இல்லை. உபதேசியார் தனியாக ஒரு ஸ்தோத்திர ஜெபமே பண்ணினார். எனக்கும் சந்தோஷம்தான், ஆர்மோனியத்துக்குச் சாக்குப் போர்த்தும் வேலை மிச்சம். தகரம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், நாகமணி அன்னம்மாவின் அருகில் வந்தாள். "அக்கா, என் வீட்டுக்குத் தகரம் வருதுன்னாங்களே. அண்ணன்தானே தலைவரு, கொஞ்சம் கேட்டுச் சொல்லு லா." அன்னம்மா தலையை ஆட்டினாள். வாய் திறக்கவில்லை.

லயத்து வீடுகளில் இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அன்னம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு அன்று மாலை எல்லாமே கேட்டது.

"அந்தத் தகரம் யாருக்கு வந்தது?"

"சாமி வீட்டுக்குத்தானே போட்டேன்."

"எனக்கு ஒழுவுதுன்னு சாமி வந்து உங்ககிட்ட சொன்னாரா?"

"உனக்கு ஒழுவுச்சு, அன்னம்" என்றார் சாலமோன். "நீ நனைஞ்சுகிட்டே நின்னு ஜெபிப்ப. எத்தினி வருஷமா பாக்கிறேன்." பிறகு, "சபையில சொல்லிறாத. எனக்கு இப்பத்தான் ஒரு பேரு கெடைச்சிருக்கு" என்றார்.

அவள் சாப்பாடு போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. அடுத்து வந்த ஞாயிறுகளில் தொண்டை கட்டியிருக்கிறது என்று தன் முறையை வேறொருத்திக்குக் கொடுத்தாள். மழையோ விட்டபாடில்லை. நாங்கள் உலர்ந்த பாயில் உட்கார்ந்து நாட்டுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிறு நாகமணி தன் சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து கடைசியில் உட்கார்ந்தாள். அவள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. மழைக்கு ஒதுங்கத்தான் வந்தாள். குழந்தை விடாமல் இருமியது. உபதேசியார் ஆள்கிறவர்களுக்கான ஜெபம் என்று அறிவித்ததும், முறைக்காரி எழுவதற்குள் அன்னம்மா எழுந்துவிட்டாள். சன்னலில் இரண்டு பழைய தலைவர்களும் குடைக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பக்கம் சாலமோன் கண்ணை மூடிக்கொண்டு, பெயர்ப்பட்டை தெரியக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஆண்டவரே, எங்க கிளைத் தலைவருக்காக வேண்டிக்கிறேன். அவரு யாருன்னு உமக்குத் தெரியும்." நிறுத்தினாள். "இல்ல, இப்படிச் சொன்னா வேலைக்காவாது." முக்காட்டை இழுத்துவிட்டாள். உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது.

"சாலமோன்" என்றாள்.

அந்த மனிதர் கண்ணைத் திறந்து, பாதி எழுந்து, சபை முழுக்கக் கேட்கும்படி, "என்னா அன்னம்?" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எங்க தலைமேல இருக்கிற தகரம் நாகமணி வீட்டுது ஆண்டவரே. சாலமோன் எடுத்துட்டாரு. எனக்கும் தெரியும். தெரிஞ்சுகிட்டே நனையாம உக்காந்து உம்மைத் துதிச்சேன். சாலமோன மன்னியும், என்னையும் மன்னியும். அவரு கெட்டவரு இல்ல. எனக்காகத்தான் செஞ்சாரு." பிறகு அதே ஜெபக் குரலில், "நாளைக்கே பிரிச்சிருங்க" என்றாள்.

"பிரிச்சிர்றேன்" என்றார் சாலமோன், நின்றபடியே.

நான் பாட்டை எடுக்க மறந்துபோனேன். உபதேசியார் இருமிக் காட்டிய பிறகுதான் கை நகர்ந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் சாலமோன் சபைக் கூரையில் ஏறித் தகரத்தைக் கழற்றி, பழைய லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நாகமணி வீட்டில் அடித்துக்கொடுத்தார். ஏணியை அன்னம்மா பிடித்துக்கொண்டாள். தோட்டமே வேடிக்கை பார்த்தது. சபையில் பழையபடி ஒழுகியது. ஆர்மோனியத்துக்கு நான் மறுபடியும் சாக்குப் போர்த்தினேன்.

அடுத்த வருடம் கிளைத் தேர்தல் வந்தபோது தலைவர் பதவிக்கு யாரும் வாய் திறக்கவில்லை. புருஷன் பெயரையே சொன்னவள் வேறு யார் பெயரைச் சொல்லமாட்டாள்? நாராயணசாமி தரையைப் பார்த்தார், கார்த்திகேசு விசிறியைப் பார்த்தார். அந்த அமைதியில் சாலமோன் தானாகவே கையைத் தூக்கினார்.

கூட்டம் கலைந்ததும் கார்த்திகேசுவுக்குப் பொறுக்கவில்லை. "என்னாங்க நீங்க, சபை நடுவுல வச்சு அந்தப் பொம்பளை உங்க மானத்த வாங்குனா. மறுபடியும் கைய தூக்குறீங்களே?" என்றார்.

சாலமோன் பெயர்ப்பட்டையை நேராக்கிக்கொண்டார். "நீங்க சன்னல்கிட்டத்தானே நின்னீங்க?" என்றார். "அவ என் பேரைச் சொன்னா லா. கேட்டீங்கதானே?"