கதவுக்கு வெளியே ஒரு குளிர்காலம்

மார்லிஸ் ஹெய்கினன், பெரிய ஏரியொன்றின் கரையில் இருக்கும் ஹான்காக் ஊரின் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். சண்டை போடத் தெரியாத பெண். யாராவது குரலை உயர்த்தினால் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளுடைய சொந்தத் தங்கை நாலு வருஷமாக அவள் வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை.

தங்கை ரோண்டா நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள். அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் மார்லிஸ் வீட்டில்தான் இருந்தாள். அம்மா இறந்துபோன இரவு ஏரியிலிருந்து பெரும்பனி வந்து ஊரை மூடியிருந்தது. ரோண்டா ஓயாமல் லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் தன் வீட்டில் போய்ப் படுத்திருந்தாள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் மார்லிஸின் கணவர் வெண்டல் போனைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "பாவம், தூங்கட்டும். விடிஞ்சதும் சொல்லிக்கலாம்" என்று கீழே வைத்துவிட்டார். மார்லிஸும் மறுத்துப் பேசவில்லை. அம்மா விடியும்வரை இருக்கவில்லை.

"நான் ரோடு போடறவ! எல்லாருக்கும் ரோடு போட்டுக் குடுக்கறவ! எங்கம்மாகிட்ட வர்றதுக்கு எனக்கு ரோடு இல்லன்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?" என்று ரோண்டா வாசலில் நின்று கத்தினாள். "இந்த வீட்டுக்குள்ள இனிமே நான் வர மாட்டேன்" என்றாள். சொன்னபடியே வரவில்லை. சனிக்கிழமைதோறும் நிலவறையில் அடுப்புக் கற்களைச் சூடாக்கி எல்லோரும் சேர்ந்து எடுக்கும் நீராவிக் குளியலும் அதோடு நின்றது.

அடுத்த வசந்தத்தில் தக்காளி நாற்று கொண்டுவந்தவள், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். அங்கே கல் பாவிய முற்றம் ஒன்று உண்டு. பாதிக்குக் கூரை நீண்டிருக்கும், மீதி வானம். நாற்றை வைத்துவிட்டுக் கிளம்பப் போனவள் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்லிஸ் ஒன்றும் கேட்காமல் காபி கொண்டுவந்து கொடுத்தாள். வீடு வேறு, முற்றம் வேறு என்பது இருவரும் பேசிக்கொள்ளாமலே முடிவாகிவிட்டது. அந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் வந்தாள். வெண்டல் மட்டும் அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஆனால் அந்த ஊரில் கோடை எத்தனை நாளைக்கு? அக்டோபரில் நாற்காலிகளை மடக்கிக் கொட்டகையில் வைத்தால் மே மாதம்தான் எடுக்க முடியும். இடையில் வெறும் போன். முதலில் நீளமாகப் பேசினார்கள். போகப் போக, "அங்க எவ்ளோ பனி?" "இங்கயும் அவ்ளோதான்" என்ற அளவில் வந்து நின்றது.

இந்த அக்டோபரிலும் ரோண்டா கையுறையை மாட்டிக்கொண்டு, "சரிக்கா, மே மாசம் பாக்கலாம்" என்றாள்.

மார்லிஸ் மடக்கிய நாற்காலியைக் கீழே வைத்தாள். "மே மாசம் எதுக்கு? அடுத்த சனிக்கிழமையே வா."

"எங்க வர்றது? பனியில உக்காந்து காபிய நக்கவா?"

"நான் பாத்துக்கறேன். நீ வா."

அடுத்த நாளே கடைக்குப் போய், ஆள் உயரத்துக்குக் குடை போட்ட மாதிரி இருக்கும் ஒரு கேஸ் கணப்பை வாங்கி வந்தாள். கடைக்காரன் இது இருந்தால் வெறும் சட்டையோடு உட்காரலாம் என்றான். ரோண்டா வந்தாள், கணப்பின் கீழே உட்கார்ந்தாள். ஏரிக்காற்று வடமேற்கிலிருந்து அடித்தது. நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து பக்கத்து வீட்டு வேலிக்கு இதமளித்தது.

"அக்கா, எனக்குத் தலை பொரியுது, காலு இருக்கான்னு தெரியல" என்றாள் ரோண்டா. "என் லாரியில இதவிட சொகமா இருக்கும். வேணும்னா நீ அதுல ஏறி உக்காரு." காபி ஆறுவதற்குள் நெருப்பு அணைந்தது. சிரித்துக்கொண்டேதான் போனாள், ஆனால் போய்விட்டாள்.

மறுநாள் காலை உணவின்போது வெண்டல் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "காத்த நிறுத்தாம நெருப்ப வெச்சு என்ன பிரயோஜனம்?"

"நிறுத்த முடியுமா?"

"பாக்கலாம்."

அவர் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கொட்டகையில் பழைய கண்ணாடி ஜன்னல்கள் சட்டத்தோடு அடுக்கிக் கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, காற்று வரும் இரண்டு பக்கத்துக்கும் சுவர் மாதிரி நிறுத்தினார். தோட்டத்துப் பக்கத்தைத் திறந்தே விட்டார். இது யாருக்காக என்று மார்லிஸ் கேட்கவில்லை. ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டு கூடவே நின்றாள். கடைசி ஜன்னலை வைத்ததும் சட்டென்று காதில் இரைச்சல் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கால் குளிர்வதைப் பற்றி யோசித்தது மார்லிஸ். பள்ளிக்கூடத்தில் பின்வாசல் வழியாகப் பால் பெட்டிகள் வந்து இறங்கும்போது, வெறும் தரையில் வைத்த பெட்டிதான் முதலில் உறையும். பலகை மேல் வைத்தது தாங்கும். குளிர் கீழேயிருந்துதான் ஏறுகிறது. அதனால் கல்தரை மேல் மரப்பலகைகளை அடுக்கி, அதன் மேல் ரப்பர் விரிப்பும் பழைய கம்பளமும் போட்டாள். நாற்காலிகளில் ஆட்டுத்தோல் விரித்தாள். கேஸ் கணப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறைந்த ஏரிமேல் போடும் மீன்பிடிக் குடிசையிலிருந்து யாரோ விற்ற குட்டையான இரும்பு அடுப்பை வாங்கி, திறந்த பக்கமாகக் கூரைக்கு வெளியே புகை போகும்படி வைத்தார்கள். நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊர் என்பதால் கூரையோரம் மஞ்சள் விளக்குச் சரம் தொங்கவிட்டாள். தேவதாருக் கிளைகளை வெட்டிப் பூந்தொட்டிகளில் செருகினாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ரோண்டா வந்தாள். கண்ணாடிச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். பலகையின் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். உட்கார்ந்தாள். மார்லிஸ் அவள் காலடியில் துணி சுற்றிய ஏதோ ஒன்றை வைத்தாள்.

"என்னது, பூனையா?"

"கல்லு. சூடு பண்ணினது."

ரோண்டா துணியை விலக்கிப் பார்த்தாள். கறுத்த, உருண்டைக் கல். முகம் மாறியது. "இது கீழ நம்ம குளியல் அடுப்புல இருக்கற கல்லு இல்ல?"

"ஆமா."

"ஓஹோ! நான் உள்ள வரலன்னதும் கல்லு வெளிய வந்துடுச்சா?"

"வெண்டல்தான் கொண்டு வந்து வெச்சாரு."

ரோண்டா துணியை மறுபடி கல்லில் சுற்றினாள். இரண்டு காலையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள். ஏலக்காய் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி தின்றாள். விளக்கு வெளிச்சத்தில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு லாரி ஓட்டும் கூட்டாளிகளைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னாள். நடுவில் ஒருமுறை எழுந்து, "இதோ வந்துடறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குவரை போய்வந்தாள். எதற்கு என்று மார்லிஸுக்குப் புரிந்தது.

"ஏண்டி, கழிவறைக்குப் போக அவ்ளோ தூரமா?"

"சபதம்னா சபதம்" என்றாள் ரோண்டா.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மார்லிஸ் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது, வீட்டு முன்னால் பனி தள்ளும் லாரி நின்றது. வேலை சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். முன்கதவைத் திறந்து சமையலறைக்குப் போனாள். பின்கதவு லேசாகத் திறந்திருந்தது. வெளியே அடுப்புக்கு முன்னால் வெண்டல் விறகுக் கட்டையோடு நின்றார். அவருக்கு நேரெதிரே ரோண்டா.

"நீ வருவன்னு தெரியாது. மார்லிஸ் இன்னும் வரல" என்றார் வெண்டல். "அடுப்பு எரியுது. நான் உள்ள போறேன்."

"உக்காருங்க, வெண்டல்."

அவர் உட்கார்ந்தார். ரோண்டாவும் உட்கார்ந்தாள். மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே நின்றாள். ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு நழுவ அன்று அவளுக்கு மனம் வரவில்லை.

"ஏன் கூப்பிடல?" என்றாள் ரோண்டா.

"அன்னிக்கு சாயங்காலம் நீ இங்க வந்துட்டுப் போனப்ப கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்திருந்துது. நின்னுகிட்டே தூங்கின. அந்தப் பனியில உன்ன திரும்ப ரோட்டுல எறக்க எனக்குத் தைரியம் இல்ல. அம்மா விடியறவரைக்கும் இருப்பாங்கன்னு நெனச்சேன்." அவர் கட்டையைக் கையில் உருட்டினார். "தப்புக் கணக்கு. உன்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும். வரலாமா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணியிருக்கணும்."

"ஆமா."

"இத ஏன் நாலு வருஷமா சொல்லல?"

"நீ என்கிட்ட எங்க பேசின? வீட்டுகிட்டதான கோவிச்சுகிட்ட."

ரோண்டா சிரித்தாளா அழுதாளா என்று சமையலறையிலிருந்து தெரியவில்லை. கொஞ்சம் கழித்து அவள் குரல் வந்தது. "அக்காவும்தான் கூப்பிடல. அவ மேல கோவப்பட்டா எனக்கு யாரு இருக்கா? அதான் வீட்டு மேல கோவப்பட்டேன். செங்கல்லு தாங்கும்."

மார்லிஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். "நான் தாங்கியிருப்பேன்" என்றாள். ரோண்டா நகர்ந்து உட்கார்ந்து ஆட்டுத்தோலில் பாதி இடம் விட்டாள். மூன்று பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்டல் கையிலிருந்த கட்டையை ஒருவழியாக உள்ளே போட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வெண்டல் உள்ளே போவதில்லை. பிப்ரவரியில் ரோண்டா தன் கூட்டாளிகள் இருவரை அழைத்து வந்தாள். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு நேராக வந்தவர்கள். பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, மார்லிஸ் கொடுத்த பட்டாணி சூப்பைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார்கள். அவர்களில் ஒருவன் பாதியில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனான். வெண்டல் அவன்மேல் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டார்.

ரோண்டா வீட்டுக்குள் வந்தாளா என்று ஊரில் சிலர் மார்லிஸிடம் கேட்டார்கள். இன்னும் வரவில்லை. முன்பு போல அது அவளை அறுக்கவில்லை. வரும்போது வரட்டும், உட்கார இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் கடைசியில் பகல் கொஞ்சம் நீண்டது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. வெண்டல் ஏணியைச் சாத்திக் கண்ணாடிச் சுவரைக் கழற்றப் போனார்.

"அதுக்குள்ள ஏன் கழட்டறீங்க?" என்று ரோண்டா கீழேயிருந்து அதட்டினாள். "ஏப்ரல்ல ஒரு அடி பனி வரும். எழுதி வெச்சுக்குங்க."

"வராது."

"ரோட்டுல இருக்கறது நானா, நீங்களா? அந்தத் தோட்டத்துப் பக்கத்துலயும் ரெண்டு ஜன்னல் வேணும். காத்து அங்க புகுந்து என் கழுத்துல ஏறுது."

"ஜன்னல் தீந்துபோச்சு."

"என் வீட்டு நிலவறையில நாலு கெடக்கு. நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போங்க. தனியா தூக்கிடாதீங்க, நானும் ஒரு கை புடிக்கறேன்."

வெண்டல் ஏணியிலிருந்து இறங்கினார். கழற்றிய ஒரே ஒரு ஆணியை மறுபடி அதே ஓட்டையில் வைத்து அடித்தார். மார்லிஸ் அடுப்பில் இன்னொரு கட்டையை வைத்துவிட்டு, காபி போட உள்ளே போனாள்.